பஞ்சர் கடை இருக்க பயமேன்?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன: சைக்கிளில் போகும்போது என்ன ரிப்பேர் சாமான் கொண்டுபோவது? மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி (வேளச்சேரி): ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருவான்மியூரில் கூடி ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய் வருகிறோம். எங்களில் ஒருவர் சீட்டுக்கு அடியில் ஒரு பட்டறையையே தொங்கவிட்டு வருகிறார். இன்னொருவர், போனும் ஜிபேயும் போதும், வழியெல்லாம் பஞ்சர் கடை இருக்கிறதே என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டாவது ஆளை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிற ஊர் நம்முடையது. வெளிநாட்டுக்காரர் யூடியூபில் காட்டும் சாமான் பட்டியலை அப்படியே தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் நண்பர் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டார். நீங்கள் கிளம்புவது ஐந்து மணிக்கு, கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவது எட்டரைக்கோ ஒன்பதுக்கோ, அதுவும் ஞாயிறு என்றால் தூக்குவாரா என்பதே சந்தேகம். இது ஒன்று.

இன்னொன்று வால்வு. உங்கள் ரோடு சைக்கிளில் இருப்பது பெரும்பாலும் பிரெஸ்டா, அதாவது ஒல்லியாக, நுனியில் ஒரு குட்டி நட்டோடு இருக்குமே, அது. பைக்குக்கும் காருக்கும் காற்று அடிக்கிற கடையில் அந்தப் பம்பின் வாய் இதைப் பிடிக்காது. கடையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும், ஆள் இருப்பார், உதவவும் தயாராக இருப்பார், ஆனாலும் உங்கள் டயருக்குள் காற்று போகாது. இதற்கு ஒரு பித்தளை அடாப்டர் கிடைக்கிறது, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், விலையும் சொற்பம். வாங்கி உங்கள் வால்விலேயே மூடி மாதிரி திருகி வைத்துவிடுங்கள். எடை பற்றிப் பேசுகிறவர்கள்கூட அதைப் பற்றி வாய் திறக்க முடியாது. காற்று அடிக்கும்போது மட்டும் கடைக்காரரிடம் "அண்ணே, விட்டு விட்டு அடிங்க" என்று சொல்லிவிடுங்கள், இந்த மெல்லிய டயருக்குக் கொள்ளளவு குறைவு, கம்ப்ரஸர் ஒரே மூச்சில் அடித்தால் டியூப் வெடித்துவிடும்.

அப்புறம் டியூப். "கிடைத்ததைப் போட்டுக்கொள்வோம்" என்பதும் நடக்காது. கிராமத்துக் கடையில் தொங்கும் டியூபின் வால்வு தடிமனானது, பிரெஸ்டாவுக்காக ஆறரை மில்லிமீட்டர் ஓட்டை போட்ட உங்கள் ரிம்மில் அது நுழையாது. 28 இன்ச் டயர் இருக்கிறதே என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், அது பழைய பெரிய சைக்கிளுக்கானது, அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடம் 635 மில்லிமீட்டர், உங்களுடையது 622.

ஆக என் கணக்கு இது: கடையில் கிடைக்காததை எடுத்துப் போங்கள், கிடைப்பதை விட்டுவிடுங்கள். ஈசிஆருக்கு என்றால் உங்கள் அளவில் ஒரு டியூப், டயரை நெம்ப இரண்டு பிளாஸ்டிக் லிவர், ஒரு கைப்பம்பு, அந்த அடாப்டர், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ உள்ள மடக்குச் சாவி. அவ்வளவுதான். பட்டறையைத் தொங்கவிட்டு வரும் நண்பரை மட்டும் குழுவிலிருந்து விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): மாற்று டியூப் வைத்திருக்கும்போது ஒட்டுப் போடும் சாமான் எதற்கு?

பதில்: இரண்டாவது பஞ்சருக்கு. அது எப்போது வரும் தெரியுமா? முதல் பஞ்சருக்கான காரணத்தைத் தேடாமல் புது டியூபைப் போட்டு, கிளம்பி, சரியாக அரை கிலோமீட்டரில். நம் நெடுஞ்சாலைகளில் லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள் இருந்த மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகள் சாலையோரம் முழுக்கக் கிடக்கும். தலைமுடி கனம்தான், டயருக்குள் புகுந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறம் முழுக்க ஒரு துணியை வைத்து மெதுவாகத் துடைத்து வாருங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கேதான் திருடன் இருக்கிறான். விரலை விட்டால் விரல் கிழியும்.

டியூபில் பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் கம்பியைத் தேட வேண்டாம், காற்று குறைவாக வைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள்.

சொல்யூஷன் (ஒட்டும் பசை) டியூபை ஒரு தடவை திறந்துவிட்டால் பைக்குள்ளேயே காய்ந்து கட்டியாகிவிடும், வேண்டும்போது பிதுக்கினால் ஒன்றும் வராது. புதிதாக ஒன்று மாற்றி வையுங்கள். ஒட்டும்போது உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுப்பாகிற வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டுகிறவர்கள்தான் "இந்த ஒட்டெல்லாம் நிக்காதுங்க" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், பள்ளியில் கொடுத்த சைக்கிளில் ஆறு கிலோமீட்டர் போய் வருகிறாள். அவளுக்கும் இந்த மாதிரி ஒரு கிட் வாங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. அந்த சைக்கிளுக்கு எல்லா ஊரிலும் டாக்டர் உண்டு. பின் சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் விலக்கி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிவிடுவார்கள், அவள் கையில் ஐம்பது ரூபாய் இருந்தால் போதும். வேண்டுமானால் வால்வு டியூப், அந்தச் சின்ன ரப்பர் குழாய், அதில் ஒரு சாண் துண்டை ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டு வையுங்கள். பஞ்சர் என்று நினைப்பதில் பல நேரம் இந்த ரப்பர் வெடித்திருப்பதுதான் விஷயம். மற்றபடி நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய இடம் பிரேக் கட்டை. மழைக்காலத்துக்கு முன்பு மாற்றிவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான்கு பேர் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறலாம் என்றிருக்கிறோம். எங்கள் வழக்கமான கிட் போதுமா?

பதில்: போதாது. தூரம் ஒன்றும் பெரிதில்லை, பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர்தான். ஆனால் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், இரண்டு பக்கமும் காடு, அங்கே வரையாடுதான் உங்களை வேடிக்கை பார்க்கும், பஞ்சர் ஒட்டாது. ஈசிஆரில் 90 கிலோமீட்டருக்குப் போதுமான சாமான் இங்கே 20 கிலோமீட்டருக்குப் போதாது என்பதற்கு இதுதான் காரணம். உங்களைக் காப்பாற்றும் ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பாருங்கள், மொத்த தூரத்தைப் பார்க்காதீர்கள்.

மலையில் முதலில் கழுத்தறுப்பது செயின். ஏறும்போது முழு பலத்தையும் பெடலில் போட்டுக்கொண்டே கியர் மாற்றுவோம், பட்டென்று அறும். செயின் ஊசியைத் தள்ளும் கருவி ஒன்று, அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்கேற்ற குவிக் லிங்க் இரண்டு. ஏற்ற என்று அழுத்திச் சொல்வது ஏனென்றால் 9 ஸ்பீடு (பின்னால் 9 பல்சக்கரம்) லிங்க் 11 ஸ்பீடு செயினில் உட்காராது, நான்கு பேருக்கும் நான்கு வித கியர் என்றால் பொதுவாக ஒரு லிங்க் வாங்கி வைத்துப் பிரயோஜனமில்லை. அறுந்த கண்ணியை எடுத்துவிட்டு இணைத்த பிறகு செயின் கொஞ்சம் குட்டையாகியிருக்கும், முன்னாலும் பெரிய பல்சக்கரம் பின்னாலும் பெரிய பல்சக்கரம் என்று போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது பின் டீரெய்லர், அதாவது கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி, தொங்கும் ஹேங்கர். சைக்கிள் வலது பக்கம் ஒருமுறை சாய்ந்து விழுந்தால் போதும், அது வளைந்துவிடும். வேண்டுமென்றேதான் மெல்லிய அலுமினியத்தில் செய்கிறார்கள், ஃபிரேமுக்குப் பதிலாக அது போகட்டும் என்று. ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம், கோவையிலேயே உடனே கிடைப்பது கஷ்டம், வால்பாறையில் கேட்கவே வேண்டாம். வளைந்த ஹேங்கரோடு இருப்பதிலேயே லேசான கியருக்கு மாற்றினால் டீரெய்லர் ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கி, சக்கரத்தையும் சேர்த்து முடித்துவிடும். உங்கள் மாடலுக்கானதை இப்போதே ஆர்டர் போடுங்கள்.

இறக்கத்துக்கு: டிஸ்க் பிரேக் என்றால் ஒரு ஜோடி பேடு, தீப்பெட்டியில் பாதி இடம்கூடப் பிடிக்காது. மழையும் மண்ணும் சேர்ந்தால் ஒரே இறக்கத்தில் தேய்ந்து உலோகம் தெரிந்துவிடுகிற பேடுகள் உண்டு. ரிம் பிரேக் என்றால் வேறு கவலை. தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம், அரைகுறை ஒட்டு இளகலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள், நடுவில் நின்று டீ குடியுங்கள்.

டயர் பக்கவாட்டில் கிழிந்தால் உள்ளே வைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு அங்குலத் துண்டு. இன்சுலேஷன் டேப்பைப் பம்பின் மேலேயே சுற்றி வைக்கலாம். நாலைந்து ஜிப் டை. இதில் பெரும்பாலானவற்றை நான்கு பேரும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பம்பும் டியூபும் ஆளுக்கொன்று இருக்கட்டும், ஏனென்றால் ஏற்றத்தில் நால்வரும் சேர்ந்து போகப்போவதில்லை, பம்பு வைத்திருப்பவர் எப்போதும் முன்னால்தான் போய்விடுவார்.

கேள்வி (மதுரை): பம்புக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்?

பதில்: 16 கிராம் சிலிண்டர் ஒன்று ஒரு ரோடு டயரைச் சில நொடிகளில் நிரப்பிவிடும், பார்க்க ஜோராக இருக்கும். சரியாகப் பொருத்தாமல் ஒருமுறை புஸ்ஸென்று போனால் போனதுதான். இந்த வாயு டியூப் ரப்பர் வழியாகச் சாதாரணக் காற்றைவிட வேகமாகக் கசியும், மறுநாள் டயர் தொய்ந்திருக்கும், வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டுக் காற்று அடியுங்கள். ரேஸுக்குப் போகிறவர் வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களுக்குக் கைப்பம்பு, கை வலிக்கும், ஆனால் தீராது.

கேள்வி (திருநெல்வேலி): டியூப்லெஸ் மாற்றிவிட்டேன். இனி எதுவும் வேண்டாம் அல்லவா?

பதில்: எங்கள் பக்கம் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் சீமைக்கருவேல முள் நினைவுக்கு வந்துவிட்டது. அந்த முள்ளுக்கு டியூப்லெஸ்தான் சரியான பதில், உள்ளே இருக்கும் திரவம் ஓட்டையை அடைத்துக்கொள்ளும், உங்களுக்குக் குத்தியதே தெரியாது. சிக்கலும் அங்கேதான். பெரிய கிழிசல் விழுந்து, பிளக் நிற்காமல், கடைசியில் உள்ளே டியூப் போட வேண்டி வந்தால் அதுவரை சத்தமில்லாமல் டயரில் குத்தி நின்ற அத்தனை முள்ளும் புது டியூபை வரவேற்கக் காத்திருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டுத்தான் டியூபைப் போட வேண்டும், அதற்கு ஒரு சின்ன சாமணம் (முடி பிடுங்குவதுதான்) இருந்தால் நல்லது. ஆகவே பிளக் (ஓட்டையில் செருகும் ரப்பர்), பம்பு, ஒரு டியூப், மூன்றும் வேண்டும். நம் வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள்.

கேள்வி (திருச்சி): முதல்முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டப் போகிறேன். வழியில் மாமாவைக் காரில் வரச் சொல்லலாமா?

பதில்: மாமா கன்ட்ரோல் இடங்களில், அதாவது வழியில் உங்கள் வருகையைப் பதிவு செய்யும் இடங்களில், நின்று இளநீர் கொடுக்கலாம், நடுவழியில் கூடாது. நடுவில் உங்கள் பாடு உங்களோடு. இந்தக் கொள்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1913 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஒரு கதை இருக்கிறது. யூஜின் கிறிஸ்டோஃப் என்ற வீரருக்கு டூர்மாலே மலை இறக்கத்தில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து சென்ட் மரி தெ காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லன் பட்டறையைக் கண்டுபிடித்து, தானே காய்ச்சி அடித்துச் சரிசெய்தார், அதிகாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இரண்டு கை, துருத்தி ஊத மூன்றாவது கை வேண்டியிருந்தது, ஒரு சிறுவன் ஊதினான். அதற்கும் அபராத நிமிடங்கள் போட்டார்கள்.

உங்களுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, வழியில் இருக்கும் பஞ்சர் கடையில் காசு கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம். 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள், அவசரம் ஒன்றுமில்லை. இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், செயின் கருவி, லிங்க் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகும் ஓட்ட வேண்டி வந்தால் தலையில் மாட்டும் சின்ன லைட் ஒன்று, சைக்கிள் விளக்கைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு டயர் மாட்டுவது கொடுமை.

கேள்வி (பாண்டிச்சேரி): எனக்கு 61 வயது. டயரைக் கழற்றி மாட்டும் அளவுக்குக் கையில் பலமில்லை. நான் இதையெல்லாம் சுமந்து என்ன பயன்?

பதில்: பலத்தைவிட இதில் சூட்சுமம்தான் அதிகம் அம்மா. ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். டயரின் இரண்டு ஓரத்தையும் சுற்றிலும் கட்டைவிரலால் கிள்ளிக் கிள்ளி அந்தப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் எதிர்ப்பக்கம் தளர்ச்சி கிடைக்கும். மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள், கடைசி நாலு விரற்கடை இடம் கஷ்டமாக இருக்காது. வீட்டில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஒரு மாலை பழகிப் பாருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றாலும் டியூபையும் பம்பையும் விடாதீர்கள். சாலையோரம் ஒரு பெண்மணி சைக்கிளோடு நின்றால் யாராவது நிறுத்துவார்கள், அவர்களிடம் கை இருக்கும், உங்கள் அளவு டியூப் இருக்காது. டியூபை மட்டும் ஒரு பழைய காலுறைக்குள் போட்டு வையுங்கள், சாவியோடு உரசி உரசிப் பைக்குள்ளேயே ஓட்டையாகிவிடும்.