தம்பி, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நர்சரிக்கு நடந்து பாருங்கள்

தம்பி, தீபாவளி முடிந்த கையோடு திருச்சியிலிருந்து டெல்லிக்கு மாற்றலாகி வருகிறேன், இரண்டரை வயதுப் பெண், மனைவிக்கும் வேலை, வாடகை என்ன ஆகும், குளிர் தாங்குமா, இந்தி இல்லாமல் காலம் தள்ளலாமா, இட்லி மாவு கிடைக்குமா, குழந்தையை நர்சரிக்கு வேனில் அனுப்புவதா ஸ்கூட்டரில் விடுவதா, ஸ்ட்ரோலரைச் சாமானோடு ஏற்றட்டுமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். மாவு கிடைக்கும். வாடகையை உங்கள் பாங்கில் ஏற்கெனவே இங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள். இந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும், வராவிட்டால் அது உங்கள் பிடிவாதம். நர்சரிக் கேள்விக்கு மட்டும் நான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே வந்து சேருகிற நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் வீட்டை முதலில் பிடித்துவிட்டு அப்புறம் பள்ளியைத் தேடுகிறார்கள், கடைசியில் அந்த அலைச்சல் முழுக்கக் குழந்தையின் தலையில் விடிகிறது.

முதலில் ஒரு விஷயம். இங்கே தனியார் பள்ளி நர்சரிக்கு இன்டர்வியூ கிடையாது, புள்ளிக் கணக்கு. பெரும்பாலான பள்ளிகள் அதிகப் புள்ளி கொடுப்பது வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்கு. மூத்த பிள்ளை அங்கே படித்தால் கொஞ்சம், அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்தால் கொஞ்சம். திருச்சியில் படித்த உங்களுக்கு அந்தப் புள்ளி எங்கிருந்து வரும்? ஆக உங்கள் கையில் இருப்பது தூரம் ஒன்றுதான். குழந்தைக்குச் சேருகிற வருடம் மார்ச் 31-க்குள் மூன்று வயது நிறைந்திருக்க வேண்டும். விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து டிசம்பரோடு முடிந்துவிடும், ஜனவரியில் முதல் பட்டியல் வரும். நீங்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்துக் குக்கரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அது ஓடிப்போய்விடும். அதனால் விண்ணப்பத்தில் முகவரிச் சான்றாகக் காட்ட, வந்த வாரமே ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், காஸ் இணைப்பெல்லாம் அப்புறம்.

சரி, தூரம் என்றேன் இல்லையா, அது மேப்பில் தெரிகிற தூரம் இல்லை. நாங்கள் 2003-இல், ஒரு ஜனவரியில், கிழக்கு டெல்லியில் இருக்கிற மயூர் விஹார் ஃபேஸ் 1-க்கு வந்தோம். டெல்லி வளர்ச்சி ஆணையம் கட்டின டிடிஏ ஃப்ளாட், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பள்ளி பின்னாலேயே இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொன்னது உண்மைதான், காலைப் பிரார்த்தனை எங்கள் பால்கனியில் கேட்கும். ஆனால் பின்பக்க கேட்டில் குடியிருப்போர் சங்கம் ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தது. திருட்டு பயம் என்றார்கள். நாங்கள் முன் கேட் வழியாக வெளியே போய், மெயின் ரோட்டில் டெம்போவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில், பனியில் எதிரே வருவது தெரியாமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர வேண்டும். கேட்டைக் காவல் காக்கிற கார்டு ரொம்ப மரியாதையானவர், தினமும் "நமஸ்தே ஜி" சொல்வார், சாவியை மட்டும் எடுக்க மாட்டார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தச் சங்கிலி மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. இன்றைக்கும் டெல்லியில் பாதிக் காலனிகளில் இதே கதைதான். ஒரு கேட்டைத் திறந்து வைப்பார்கள், மற்றதையெல்லாம் பூட்டுவார்கள், அல்லது ஆள் மட்டும் ஒருக்களித்து நுழைகிற மாதிரி வளைத்துக் கம்பி நட்டிருப்பார்கள். மோட்டார் சைக்கிளைத் தடுக்க நட்ட கம்பி ஸ்ட்ரோலரையும் தடுக்கும். ஆகவே வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இல்லை, வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு, நீங்களே அந்த வீட்டு வாசலிலிருந்து நர்சரி வாசல் வரை நடந்து பாருங்கள். எந்த கேட் எப்போது திறக்கும் என்று கார்டிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

ஸ்ட்ரோலருக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது. நடைபாதை என்று ஒன்று இருக்கும், முழங்கால் உயரத்தில் இருக்கும், அதில் ஏற்றினால் பத்தடியில் ஒரு மின்கம்பம், அதைச் சுற்றினால் யாரோ நிறுத்தின கார், கார் மேல் ஸ்வெட்டர் போட்ட நாய். இறங்கி ரோட்டில் தள்ளினால் குழந்தையின் மூக்கு வண்டிகளின் புகைக்குழாய் உயரத்தில் இருக்கிறது. உங்களுடையது பெரிய சக்கரம் வைத்த கனமான வண்டி என்றால் திருச்சியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மடித்துத் தோளில் மாட்டிக்கொள்கிற மெல்லியது என்றால் எடுத்து வாருங்கள், மெட்ரோவில் ஏறவும் சாயங்காலம் பூங்காவுக்கும் ஆகும். மெட்ரோவில் 90 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், அதுவும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது வேன். இதைத்தான் எல்லாரும் உங்களுக்குச் சிபாரிசு செய்வார்கள், "எங்க வேன்காரர் தங்கமானவர்" என்பார்கள். இருக்கலாம். அவர் தங்கம் என்பதால் வண்டியில் இடம் கூடிவிடாது. போய்ப் பாருங்கள், பின்னால் வண்டி ஓடுகிற எரிவாயுவுக்கான சிஎன்ஜி சிலிண்டர், அதற்கு மேலே ஒரு பலகை, பலகை மேல் நாலு குழந்தைகள், நடுவில் பைகள். நம்பர் பலகை வெள்ளையாக இருந்தால் அது சொந்த உபயோக வண்டி, கூலிக்குப் பிள்ளைகளை ஏற்றவே கூடாது. மஞ்சள் பலகைதான் வாடகை ஓட்டத்துக்கு உரியது. அதையெல்லாம் கடந்து நல்ல வேனே கிடைத்தாலும், முதல் ஆளாக ஏறுகிற குழந்தை ஊரெல்லாம் சுற்றித்தான் பள்ளிக்குப் போகும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று அந்த வேனில் யாரிடம் சொல்லும்? ஐந்து வயதுக்கு மேல் வேனைப் பற்றிப் பேசுங்கள், அதற்கு முன்னால் என்னைக் கேட்டால் வேண்டவே வேண்டாம்.

இதில் நம்ம ஆட்கள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஊரின் தென்மேற்குக் கோடியில், துவாரகாவில் வீட்டை வாங்கிவிட்டு, பெயர் கேட்டாலே ஊரில் மாமனார் பெருமைப்படுகிற ஒரு தெற்கு டெல்லிப் பள்ளியில் எப்படியோ இடம் பிடித்து, பச்சைப்பிள்ளையை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸில் தூங்க வைத்து அனுப்புகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். நர்சரியில் சொல்லித்தருவது களிமண்ணும் கலர் பென்சிலும், அதை எந்தத் தெருவிலும் சொல்லித்தருவார்கள். இன்னொரு ரகம், முப்பது வருடம் இந்த ஊர் உப்பைத் தின்றுவிட்டு "இதெல்லாம் ஒரு ஊரா" என்று கோயில் வாசலில் நின்று புலம்புகிறவர்கள். அவர்களிடம் வழி கேட்காதீர்கள், பக்கத்துத் தெரு பெயர்கூடத் தெரியாது.

ஸ்கூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் போல முன்னால் நிற்க வைத்து ஓட்டுவது இங்கே ஆகாது. சட்டமும் மாறிவிட்டது: ஒன்பது மாதத்திலிருந்து நாலு வயது வரை குழந்தைக்கு ஹெல்மெட், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டுகிற வார்ப்பட்டை, வேகம் 40 கிலோமீட்டருக்குள். 2023 பிப்ரவரி 15-லிருந்து நாடு முழுக்க நடைமுறை. நாலு வயதுக்கு மேல் எல்லாரையும் போல ஹெல்மெட் கட்டாயம். சட்டத்தை விடுங்கள், ஜனவரியில் காலை ஐந்தாறு டிகிரிக் குளிரில் முன்னால் நிற்கிற குழந்தையின் நெஞ்சில் நேராகக் காற்று அடிக்கும், அந்த வாரமே சளி. அதோடு உங்கள் ஸ்கூட்டர் எந்த வருடத்து வண்டி? 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு டெல்லியில் 2014 கடைசியிலிருந்தே தடை, வழக்கு, திரும்பத் தடை என்று இழுபறி. புதுசாக இருந்தாலும் திருச்சி ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள், இங்கே ஒரு வருடத்துக்குமேல் ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும்.

எங்களுக்கு அப்போது ஸ்கூட்டரும் இல்லை வேனும் இல்லை, மெட்ரோவே மயூர் விஹாருக்கு 2009-இல்தான் வந்தது. மாதக் கூலிக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வைத்துக்கொண்டோம். பிஹாரில் தர்பங்கா பக்கத்துக்காரர், என் பெண்ணோடு இன்னும் மூன்று பிள்ளைகள். நான் முதல் சில வாரம் நம்பவில்லை, பின்னாலேயே நடந்து போவேன், அவரும் எனக்காக மெதுவாக மிதிப்பார். சத் பூஜை வந்தால் ஊருக்குப் போய்விடுவார், ஹோலிக்குப் போவார், கோதுமை அறுவடைக்குப் போவார், போனால் எப்போது வருவார் என்று கேட்கவே கூடாது. அந்த நாட்களில் நானும் அவளும் நடப்போம். அவளுக்கு ஸ்வெட்டர், அதற்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர், மங்கி கேப், மஃப்ளர் எல்லாம் மாட்டினால் வைக்கோல் பொம்மை மாதிரி இரண்டு கையும் விரிந்து நிற்கும், கையைப் பிடித்து நடக்கவே முடியாது, மஃப்ளர் நுனியைப் பிடித்துக்கொண்டு போவேன். வழியில் நிலக்கடலை வறுக்கிறவர், பால் பூத்தில் நிற்கிற சர்தார்ஜி, இஸ்திரிக்கார அம்மா எல்லாருக்கும் அவள் பெயர் தெரியும். எனக்கு இந்தி வந்தது அந்த நடையில்தான், இஸ்திரிக்கார அம்மா என் ஆண்பால் பெண்பாலைத் திருத்தாத நாள் இல்லை. ஒருநாள் நான் வர நேரமாகிவிட்டது, அந்த அம்மாவே போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்து இஸ்திரி மேசைக்கு அடியில் உட்கார வைத்து ரொட்டி கொடுத்திருந்தார். அப்போதெல்லாம் பள்ளியில் அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். இப்போது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

இப்போது சைக்கிள் ரிக்‌ஷா குறைந்து பேட்டரி ரிக்‌ஷா வந்துவிட்டது. அவசரத்துக்கு ஏறலாம். நாலு பேருக்கான வண்டி, ஆறு பேர் ஏறினால் இறங்கிவிடுங்கள், வளைவில் கவிழும். பக்கவாட்டில் கதவு கிடையாது, குழந்தையை நடுவில் வையுங்கள்.

நீங்கள் வருகிற நேரம்தான் எனக்குக் கவலை. தீபாவளியை ஒட்டி அறுவடை முடிந்த வயலில் தாள் எரிக்கிற புகை, பட்டாசு, வண்டிப் புகை எல்லாம் சேர்ந்து தரையோடு தங்கிவிடும். ரொம்பக் கெட்டால் சின்ன வகுப்புகளை மூடிவிட்டு ஆன்லைன் என்பார்கள், அலுவலகம் போகிற அம்மா அப்பாவுக்கு அப்போதுதான் திண்டாட்டம். பக்கத்து வீட்டு மனிதர்களை முன்கூட்டியே பழக்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டுகிற நாட்களில் நடையும் வேண்டாம், நர்சரிக்கு முன்னால் விடுகிற ப்ளே ஸ்கூலும் வேண்டாம், ஒரு வாரம் போகாவிட்டால் ஏ பி சி ஓடிப்போகாது. ஜனவரி முதல் பாதியில் எப்படியும் குளிர்கால விடுமுறை இருக்கும். பிப்ரவரியில் வெயில் வந்ததும் பாருங்கள், நடக்கத் தோன்றுகிற ஊராகிவிடும்.

உங்கள் அலுவலகம் கன்னாட் பிளேஸ் பக்கம் என்றால் மயூர் விஹாரிலிருந்து ப்ளூ லைனில் நேராகப் போகலாம், முருங்கைக்காயும் மாவும் மார்க்கெட்டிலேயே கிடைக்கும், கோயிலும் இருக்கிறது. ஆர்.கே.புரத்தில் மலைமந்திர் முருகன் கோயில் பக்கம்தான் வேண்டும் என்று உங்கள் அம்மா சொல்வார்கள், அங்கே மரநிழல் உண்டு, வாடகை வீடு கிடைப்பது கஷ்டம். குளிர் துணியை திருச்சியில் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், அங்கே கிடைப்பது ஊட்டிக்கு ஒருநாள் போய் வருவதற்குத்தான் ஆகும். இங்கே வந்து வாங்குங்கள். பிள்ளைக்கு ஷூ மட்டும் ஒரு அளவு பெரிதாகப் பாருங்கள், உள்ளே இரண்டு சாக்ஸ் போக வேண்டும்.