சிண்டிகேட் போட்டு விலை உயர்த்துவோருக்குச் சிறை வேண்டுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போட்டியிட வேண்டிய நிறுவனங்கள் தமக்குள் ரகசியமாகப் பேசி விலையை நிர்ணயிப்பதை இந்தியாவிலும் கிரிமினல் குற்றமாக்க வேண்டுமா என்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

சிமென்ட் விலையைக் கூட்டுச் சேர்ந்து உயர்த்தியதற்காக நிறுவனங்களுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய் அபராதம் என்று 2012இல் செய்தி வந்தது. ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை. ரேஷன் அரிசி கடத்துகிறவரைக் கைது செய்யும் சட்டம் இவர்களை ஏன் தொடுவதில்லை?
– கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர், சேலம்

நீங்கள் குறிப்பிடுவது, வணிகப் போட்டியைக் கெடுக்கும் செயல்களை விசாரிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 2012 ஜூன் 20 அன்று பிறப்பித்த உத்தரவு. கட்டுமான நிறுவனங்களின் அகில இந்தியச் சங்கம் 2010இல் கொடுத்த புகாரை விசாரித்த ஆணையம், முன்னணி சிமென்ட் நிறுவனங்களும் அவற்றின் உற்பத்தியாளர் சங்கமும் சேர்ந்து உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தின என்ற முடிவுக்கு வந்து, ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த நிறுவனங்களுள் தமிழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டவையும் இருந்தன. வாதங்களை நேரில் கேட்காத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டது இயற்கை நீதிக்கு முரணானது என்று கூறி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் அதை ரத்து செய்தது. ஆணையம் மீண்டும் விசாரித்து, 2016 ஆகஸ்டில் சுமார் 6,700 கோடி ரூபாய் அபராதத்தை விதித்தது. 2018இல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்ய, நிறுவனங்கள் உச்ச நீதிமன்றத்தை நாடின. அபராதத்தில் 10 சதவீதத்தைச் செலுத்துமாறு நீதிமன்றம் கூறி மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டது. இந்த அபராதம் வசூலானாலும் அது மத்திய அரசின் வருவாய் சேரும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத்தான் போகும். அந்த விலைக்கு மூட்டை வாங்கி வீடு கட்டியவரின் கைக்கு அதிலிருந்து எதுவும் தானாக வந்து சேராது.

சிறை ஏன் இல்லை என்பதற்கு விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் ஏகபோகத் தடைச் சட்டத்தின் கீழ் இத்தகைய செயலை நிறுத்துமாறு ஆணையிடத்தான் முடிந்தது. அதற்கு மாற்றாக வந்த 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. கூட்டுச் சேர்ந்து விலை நிர்ணயித்ததற்கு அதில் சிறைத் தண்டனை கிடையாது. ஆணையத்தின் உத்தரவை மீறி, அந்த மீறலுக்கான அபராதத்தையும் கட்டாதவருக்கு மட்டும் 3 ஆண்டு வரை சிறை என்று சொல்கிறது. மறுபுறம், 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் தானியத்தைப் பதுக்கிய சிறு வியாபாரிக்குக்கூட 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ரேஷன் அரிசி கடத்துகிறவரை 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையே இல்லாமல் 6 மாதம் வரை காவலில் வைக்கலாம். ஒரு லாரி அரிசியை வைத்து ஒருவர் செய்யும் குற்றத்தையும், நாடு முழுவதும் வீடு கட்டும் ஒவ்வொருவரிடமும் கூடுதல் விலை பறிப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த ஏற்பாட்டை நியாயமென்று எவராலும் சொல்ல முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

அபராதம் நிறுவனத்தின் பணத்திலிருந்து போகிறது. அந்த இழப்பு பங்குதாரரின் மேல் விழுகிறது. சில வேளை அடுத்த ஆண்டு பொருள் வாங்குகிறவரின் மேலேயே திரும்பவும் விழுகிறது. தொலைபேசியை எடுத்துப் போட்டி நிறுவனத்தின் அதிகாரியோடு விலை பேசியவர், அந்த ஆண்டின் லாபத்துக்காகப் பதவி உயர்வும் ஊக்கத்தொகையும் பெற்று, வழக்கு முடிவதற்குள் ஓய்வும் பெற்றுவிடுகிறார். தனிநபருக்கும் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், அதன் உச்சவரம்பு, கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அவருடைய வருமானத்தில் 10 சதவீதம்தான். அவரைத் தயங்க வைக்க அது போதாது.

குற்றவியல் வழக்கு என்றால் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். ரகசியக் கூட்டை அப்படி நிரூபிக்க முடியுமா?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

எல்லா வழக்கிலும் முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் சட்டத்தை எழுத வேண்டும். சிமென்ட் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணையத்திடம் நிறுவனங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ கடிதமோ இல்லை. சங்கக் கூட்டங்களில் நிறுவனங்கள் சந்தித்தது, 2010 நவம்பர், டிசம்பர் மாதங்களில் உற்பத்தி குறைந்தது, அதைத் தொடர்ந்து விலை ஏறியது ஆகிய சூழ்நிலைச் சான்றுகளை ஒன்றாகக் கோத்துத்தான் அது முடிவுக்கு வந்தது. அபராதத்துக்கு அது போதும் என்று ஆணையம் கருதியது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சான்றுகளைக் கொண்டு ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்ப ஒரு குற்றவியல் நீதிபதி தயங்குவார். அவர் தயங்கவும் வேண்டும்.

இதற்கு நேர்மாறானது டார்ச் விளக்குக்குப் போடும் பாட்டரி செல் வழக்கு. 2018 ஏப்ரலில் ஆணையம் பிறப்பித்த உத்தரவின்படி, பானசோனிக், எவரெடி, நிப்போ என்ற பெயரில் செல் விற்கும் சென்னையின் இந்தோ நேஷனல் ஆகிய மூன்றும் 2016 வரை பல ஆண்டுகளாக விலையைச் சேர்ந்தே உயர்த்தி வந்தன. உயர்மட்ட அதிகாரிகள் கூடிப் பேசுவார்கள். ஒரு நிறுவனம் முதலில் விலையேற்றத்தை அறிவிக்கும். மற்றவை அதைப் பார்த்து உயர்த்துவதுபோலப் பின்தொடரும். சந்தையை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது இயல்பான போட்டியாகவே தோன்றியிருக்கும். பானசோனிக் தானாக முன்வந்து ஒத்துழைத்ததாலும், 2016 ஆகஸ்டில் நடந்த சோதனையில் மின்னஞ்சல்கள் சிக்கியதாலும்தான் உண்மை வெளிவந்தது. எவரெடிக்கு 171.55 கோடி ரூபாயும் இந்தோ நேஷனலுக்கு 42.26 கோடி ரூபாயும் அபராதம் விதிக்கப்பட்டன. பானசோனிக்குக்கு முழு விலக்கு கிடைத்தது. யார், எப்போது, யாரோடு பேசினார் என்பது எழுத்தில் இருக்கும் இத்தகைய வழக்கைக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடத்துவதற்குத் தடை எதுவும் இல்லை.

மற்ற நாடுகளின் அனுபவம் இரு வகையிலும் பாடமாகிறது. அமெரிக்காவில் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம் தொடக்கத்திலிருந்தே இதைக் குற்றமாகக் கருதினாலும், 1961இல் ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உள்ளிட்ட நிறுவனங்களின் அதிகாரிகள் ஏழு பேர் 30 நாள் சிறைக்கு அனுப்பப்பட்டபோதுதான் வணிக உலகம் அதிர்ந்தது. அங்கே 1974இல் உச்சத் தண்டனை 3 ஆண்டாகவும், 2004இல் 10 ஆண்டாகவும் உயர்த்தப்பட்டது. டின்னில் அடைத்த சூரை மீனின் விலையைக் கூட்டுச் சேர்ந்து நிர்ணயித்ததற்காக, பம்பிள் பீ நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவருக்கு 2020இல் 40 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

பிரிட்டனின் கதை வேறு. 2002ஆம் ஆண்டின் சட்டம் 5 ஆண்டு வரை சிறை விதிக்க வழி செய்தது. 2008இல் கப்பல்களுக்கு எண்ணெய் ஏற்றும் குழாய்களின் விலைக் கூட்டில் மூவர் சிறை சென்றனர். ஆனால் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதிகாரிகள் நால்வர் மீதான வழக்கு 2010இல் சரிந்து விழுந்தது. விலைக் கூட்டைக் காட்டிக்கொடுத்த போட்டி நிறுவனத்தின் வசமிருந்த ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்களை வழக்குத் தொடுத்த அமைப்பு உரிய நேரத்தில் எதிர்த்தரப்புக்குக் காட்டாததே அதற்குக் காரணம். கூட்டில் ஈடுபட்டவர் நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தார் என்பதையும் தனியே நிரூபிக்க வேண்டும் என்றிருந்த விதியை 2014இல் அந்நாடு நீக்கியது. சட்டப் புத்தகத்தில் தண்டனையை எழுதுவது எளிது. மின்னஞ்சலையும் கணினிப் பதிவையும் நீதிமன்றம் ஏற்கும் வகையில் சேகரித்து, பல ஆண்டுகள் சளைக்காமல் வழக்கு நடத்தக்கூடிய புலனாய்வாளர்களும் வழக்கறிஞர்களும் இல்லாவிட்டால் அந்தத் தண்டனைக்கு எவரும் அஞ்சமாட்டார்கள். இங்கே சட்டம் வருமானால், அவர்களைத் தயார் செய்யும் வேலை முதலில் தொடங்க வேண்டும்.

எங்கள் சங்கம் கூடி டீ விலையை உயர்த்தி, கடை வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறோம். நாங்களும் குற்றவாளிகளா?
– டீக்கடை உரிமையாளர், திருநெல்வேலி

இன்றுள்ள சட்டத்தின்படி, போட்டியாளர்கள் கூடி விலையை முடிவு செய்வது, சங்கத்தின் பெயரில் நடந்தாலும், போட்டியைக் கெடுப்பதாகவே அனுமானிக்கப்படும். ஆணையம் விசாரிக்கலாம், அபராதமும் விதிக்கலாம். பால், சர்க்கரை விலை ஏறியதைப் பார்த்து ஒவ்வொரு கடைக்காரரும் தானே முடிவெடுத்து உயர்த்துவதிலோ, பக்கத்துக் கடையின் விலையைப் பார்த்துத் தன் விலையை மாற்றிக்கொள்வதிலோ தவறில்லை. சங்கத்தில் பேசி எல்லோரையும் கட்டுப்படுத்துவதுதான் சிக்கல். ஆகவே நோட்டீஸ் ஒட்டும் வழக்கத்தை மாற்றிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

ஆயினும் உங்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தை நான் ஆதரிக்கமாட்டேன். பிரிட்டனில் ஏற்பாட்டின் விவரத்தை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டால் அது கிரிமினல் குற்றம் ஆகாது. அபராத நடவடிக்கை மட்டும் தொடரலாம். ரகசியமாகப் பேசி, போட்டி நடப்பதுபோல் வெளியே காட்டி, வாங்குகிறவரை ஏமாற்றுவதுதான் சிறைக்குரிய செயல். வாசலில் ஒட்டிய நோட்டீஸில் அந்த ஏமாற்று இல்லை. விலை நிர்ணயம், உற்பத்திக் குறைப்பு, சந்தையைப் பங்கு போட்டுக்கொள்வது, டெண்டரில் கூட்டுச் சேர்வது ஆகிய நான்கும், அவையும் மறைவாக நடந்தால் மட்டுமே, குற்றமாக வேண்டும்.

ரொட்டி விலைக் கூட்டில் பங்கேற்ற கடை நிறுவனமே முதலில் காட்டிக்கொடுத்துத் தண்டனையிலிருந்து தப்பியது. எங்களுக்கு 25 டாலர் அட்டை கொடுத்தார்கள். இது என்ன நீதி?
– வாசகி, ஸ்கார்பரோ, கனடா

உங்கள் கோபம் நியாயமானது. நீங்கள் குறிப்பிடும் கடை நிறுவனமான லாப்லாவும் அதன் தாய் நிறுவனமான ஜார்ஜ் வெஸ்டனும் 2017இல் தாங்களே வெளிப்படுத்திய கூட்டு பத்தாண்டுக்கும் மேலாக நீடித்தது. முதலில் வந்ததால் அவற்றுக்கு வழக்கிலிருந்து விலக்குக் கிடைத்தது. 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட கனடா பிரெட் நிறுவனம் 5 கோடி கனடிய டாலர் அபராதம் கட்டியது.

இருந்தும் இந்த ஏற்பாட்டைக் கைவிட முடியாது என்றே கருதுகிறேன். கொலை வழக்கில் ஒருவர் அப்ரூவராக மாறுவதைப் போன்றதுதான் இது: உள்ளே இருந்தவர் பேசாமல் உள்ளே நடந்தது தெரியாது. இந்தியாவிலும் முதலில் முழு உண்மையைச் சொல்லி வரும் நிறுவனத்துக்கு 100 சதவீதமும், அடுத்து வருவதற்கு 50 சதவீதமும், அதற்கடுத்ததற்கு 30 சதவீதமும் வரை அபராதத்தில் குறைப்பு உண்டு. சிறை வருமானால், இந்தச் சலுகை நிறுவனத்தோடு நில்லாமல் உண்மையைச் சொல்லும் ஊழியருக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தர வேண்டும். இல்லையேல் எந்த அதிகாரியும் வாய் திறக்கமாட்டார். விலக்குப் பெற்ற நிறுவனமும் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தருவதைக் கட்டாயமாக்கினால் உங்களைப் போன்றோரின் மனக்குறை ஓரளவு தீரும்.

மத்திய அரசு ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் வணிகக் குற்றங்களுக்கான சிறையை நீக்கி வருகிறது. போட்டிச் சட்ட அபராதத்தையும் கூட்டிவிட்டார்கள். பிறகும் சிறை எதற்கு?
– பட்டயக் கணக்காளர், கோயம்புத்தூர்

2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 விதிகளைத் திருத்தியது. படிவம் தாமதமானதற்கும் சிறு நடைமுறைப் பிழைக்கும் சிறை என்றிருந்த நிலையை மாற்றுவது அதன் நோக்கம், அதை வரவேற்கிறேன். கவனக்குறைவுக்குச் சிறை கூடாது என்பதும், திட்டமிட்ட கொள்ளைக்குச் சிறை வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

அபராதத்தைப் பொறுத்தவரை, உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியத்தைப் பாதுகாக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைக்கான 2009ஆம் ஆண்டின் டெண்டரை நினைவுகூர வேண்டும். மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு ஒரே தொகையாக 388 ரூபாய் கேட்டிருந்தன. கூட்டு நடந்தது என்பதை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை மட்டுமே கணக்கில் கொண்டு அபராதம் விதிக்க வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றி, நிறுவனத்தின் எல்லாப் பொருள்களுக்கும் உரிய உலகளாவிய விற்றுமுதலை அடிப்படையாக்கியது. மேல்முறையீட்டுக்கு 25 சதவீதத்தை முன்பணமாகக் கட்டவும் செய்தது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் எவ்வளவு கூட்டினாலும் பணம் நிறுவனத்தின் பெட்டியிலிருந்துதான் வருகிறது. வேலையாட்களோடு ஓர் ஆலையையே மூடவைக்கும் அளவுக்கு அபராதத்தை உயர்த்துவதைவிட, முடிவெடுத்த நாலைந்து பேரைப் பொறுப்பாக்குவது குறைந்த சேதத்தில் முடியும்.

எனக்கு வேறோர் அச்சம் உண்டு. விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்த ஊழியரும் விற்பனைப் பிரதிநிதியும் சிக்கிக்கொள்ள, மேலே இருப்பவர் தப்பிவிடக்கூடும். ஆகவே வழக்குத் தொடுக்க ஆணையத்தின் முன் அனுமதியும், முடிவெடுக்கும் அதிகாரம் உடையவர் தெரிந்தே செய்தார் என்ற சான்றும் வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே எழுத வேண்டும். தென்னாப்பிரிக்கா 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பிரிவு இயக்குநர்களையும் நிர்வாக அதிகாரம் உடையவர்களையும்தான் குறிவைக்கிறது. 10 ஆண்டு வரை சிறை. அந்நாட்டில் 2006இல் ரொட்டி நிறுவனங்களின் கூட்டு வெளிப்பட்டதற்குச் சிறு விநியோகஸ்தர்களின் புகாரே காரணம் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

டெண்டரில் கூட்டு நடப்பதை எப்படி அறிவது? யாரிடம் சொல்வது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், தஞ்சாவூர்

வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே தொகையைக் கேட்பது. விண்ணப்பங்களில் ஒரே எழுத்துப்பிழை அல்லது கணக்குப் பிழை இருப்பது. ஒரே கணினியிலிருந்து ஆவணங்கள் பதிவேற்றப்படுவது. வெற்றி முறை வைத்ததுபோல் மாறி மாறி அமைவது. தோற்றவருக்கே வென்றவர் உள் ஒப்பந்தம் கொடுப்பது ஆகியவை சந்தேகத்துக்குரியவை. இவற்றுள் ஒன்று மட்டும் இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் ஆவணங்களின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின் கீழ் எவரும் புதுதில்லியிலுள்ள ஆணையத்துக்கு உரிய கட்டணத்துடன் தகவல் கொடுக்கலாம். நீங்களே பாதிக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் திருத்தம் வரையறுத்துள்ளது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். அரசு அதிகாரிக்கும் அதில் பங்கு உண்டு என்று தோன்றினால், லஞ்ச ஒழிப்புத் துறையிடம் தனியே புகார் கொடுங்கள். அந்தப் பகுதிக்குச் சிறைத் தண்டனை இன்றைய சட்டத்திலேயே இருக்கிறது.