பெட்டியில் 800 வாட், பின்பக்கம் 90: உண்மையைச் சொன்னால் மானநஷ்டமா?

கேள்வி: மதுரையில் கணக்கராக வேலை பார்க்கிறேன். போன தீபாவளி ஆஃபரில் ஒரு 5.1 ஹோம் தியேட்டரை ஆன்லைனில் 24,990 ரூபாய்க்கு வாங்கினேன். டிவியைப் போட்டாலே ஒரு நடிகர் வந்து ‘800 வாட் அதிரடி’ என்பாரே, அந்த செட். வீட்டில் போட்டுக் கேட்டால் பாட்டு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. ஆம்ப்ளிஃபையர் அசெம்பிள் செய்யும் என் மச்சான் வந்து பார்த்தார். சப்வூஃபரின், அதாவது அடித்தொனி தரும் பெரிய பெட்டியின், பின்பக்க ஸ்டிக்கரில் 90 வாட் என்றுதான் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றினால், மேலே ட்வீட்டர் (கீச்சொலி தரும் குட்டி ஸ்பீக்கர்) போலத் தெரிந்தது வெறும் பிளாஸ்டிக் மூடி. பின்னால் காந்தமும் இல்லை, ஒயரும் இல்லை. இதைப் படம் பிடித்து, ‘ஃப்ராடு கம்பெனி, திருட்டுக் கும்பல், யாரும் வாங்காதீர்கள்’ என்று விமர்சனம் போட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது: 7 நாளில் நீக்கி மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், இல்லாவிட்டால் 50 லட்சம் நஷ்டஈடாம். விற்றவரோ, ‘ரிட்டர்ன் 7 நாள்தான், அதுவும் நீங்கள் கழற்றிவிட்டீர்கள்’ என்கிறார். விமர்சனத்தை நீக்கிவிடட்டுமா? பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற சம்மன் அல்ல, எங்களைப் போன்ற வக்கீல் ஒருவர் தன் லெட்டர்ஹெட்டில் அடித்து அனுப்பிய கடிதம். அந்த 50 லட்சமும் அவர்களாகப் போட்டுக்கொண்ட எண்தான், பெட்டியில் 800 போட்டதுபோல. அதற்காகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பதில் போடாமல் விட்டால், ‘சொல்ல ஒன்றுமில்லாததால்தான் வாய் திறக்கவில்லை’ என்று பின்னால் வாதிடுவார்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வகை வாக்கியங்கள் கலந்து கிடக்கின்றன. ‘பெட்டியில் 800, ஸ்டிக்கரில் 90, ட்வீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் மூடி’ என்பது ஒரு வகை. அது கண்ணால் பார்த்தது, படமும் கையில் இருக்கிறது. ‘திருட்டுக் கும்பல்’ வேறு வகை. அதை நிரூபிக்க உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. நோட்டீஸ் அனுப்பியவர் படத்தை விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் நிறுவனமும் அவதூறு என்று புகார் சொல்லலாம். 2 ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், சமூக சேவை என்று தண்டனையும் இருக்கிறது. ஆனால் அதே பிரிவின் விதிவிலக்குகளைப் படித்தால் பாதி பயம் போய்விடும். பொதுநன்மைக்காகச் சொன்ன உண்மை அவதூறு ஆகாது. கடைசி விதிவிலக்கு உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கும்: பொதுநன்மை கருதி, நல்லெண்ணத்தோடு பிறரை எச்சரிப்பது அவதூறு அல்ல. இன்னொன்று, தனிப் புகார் போட்டாலும், மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்-ன் 223-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. உரிமையியல் வழக்கென்றால், விமர்சனம் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும்.

விளம்பரத்தில் வரும் ஸ்பீக்கரை ஆடியோ ஆர்வலர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும், அதற்காக நிறுவனம் கோர்ட்டுக்குப் போவதும் இன்று நேற்றுக் கதையல்ல. அமெரிக்காவில், பொருட்களைச் சோதித்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 1970 மே இதழில் போஸ் நிறுவனத்தின் 901 ஸ்பீக்கரைப் பற்றி எழுதியது. வாத்தியங்களின் ஒலி பிரம்மாண்டமாகப் பெருத்து, ‘அறை முழுக்க’ அலைகிறது என்பது அதிலிருந்த ஒரு வரி. போஸ் வழக்குப் போட்டது. ஒலி அலைந்தது இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே சுவரை ஒட்டித்தான், ‘அறை முழுக்க’ என்பது பொய் என்று முதல் நீதிமன்றம் சொல்லி, ஒரு லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடும் விதித்தது. ‘சுவரை ஒட்டி’ என்பதா ‘அறை முழுக்க’ என்பதா என்ற இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984-ல் பத்திரிகையின் பக்கம் தீர்ந்தது. கேட்டதை விவரிக்கும்போது சொல் சற்றுப் பிசகிவிட்டது, பொய் என்று தெரிந்தே எழுதியதாக அதைக் கொள்ள முடியாது என்றார்கள். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே ஒரு சொல் 14 வருஷம் இழுத்தடித்ததைப் பாருங்கள்.

நம் ஊரிலும் இரு பக்கமும் உதாரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் பற்றிய ஒரு காணொளியை நீக்கச் சொல்லி 2020 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். மேல்முறையீட்டில்தான் சில பகுதிகளை மாற்றி வெளியிட வழி கிடைத்தது. 2025 ஏப்ரலில் புரோட்டீன் பவுடர் நிறுவனம் ஒன்று யூடியூபர்கள் மீது கேட்ட இடைக்காலத் தடையை டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அவர்கள் கையில் ஆய்வக அறிக்கைகள் இருந்தன.

ஆகவே நீக்க வேண்டாம், திருத்துங்கள். முதலில் இப்போதிருக்கும் விமர்சனத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு ‘ஃப்ராடு’, ‘திருட்டுக் கும்பல்’ இரண்டையும் எடுத்துவிடுங்கள். படங்களும் எண்களும் அப்படியே இருக்கட்டும். ‘எனக்குப் பிடிக்கவில்லை, டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது’ என்பது உங்கள் காது சொன்ன கருத்து. அதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மன்னிப்பெல்லாம் தேவையில்லை.

இதே அளவுகோலைத் திருப்பி அவர்கள் விளம்பரத்தில் வையுங்கள். ‘அதிரடி’, ‘தியேட்டரே வீட்டுக்கு வந்தது போல’ என்பதெல்லாம் வியாபாரப் பெருமை, சட்டம் கண்டுகொள்ளாது. ‘800 வாட்’ அப்படியல்ல. அது அளந்து பார்க்கக்கூடிய எண். பொய்யென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம், முறையற்ற வணிகம்.

ஆனால் ‘90 என்று போட்டிருக்கிறது, முடிந்தது கதை’ என்று நினைக்காதீர்கள். அவர்கள் வக்கீல் இரண்டு பதில் வைத்திருப்பார். முதலாவது, பிஎம்பிஓ, அதாவது கண்ணிமைக்கும் நேர உச்சக் கணக்கு. பெட்டியின் மூலையில் பொடி எழுத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் கவலையில்லை: பெரிய எழுத்தில் சொன்ன தவறைப் பொடி எழுத்துக் குறிப்பால் சரிசெய்ய முடியாது என்கின்றன 2022-ன் விளம்பர வழிகாட்டு விதிகள். (இந்த வாட் வியாதி நமக்கு மட்டுமல்ல. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபையர் வாட்டை எப்படி அளந்து சொல்ல வேண்டும் என்று 1974-லேயே விதி போட வேண்டிவந்தது.) இரண்டாவது பதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஸ்டிக்கரில் இருப்பது முழுச் சத்தத்தில் இழுக்கும் மின்சாரம் அல்ல என்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆடியோ கருவிகளை முழு வெளியீட்டில் எட்டில் ஒரு பங்கு மட்டும் ஓடவிட்டு அந்த எண்ணை அளக்கும் தரநிலை இருக்கிறது. சரி, அவர்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 800-ல் எட்டில் ஒரு பங்கு 100. உள்ளே வருவது 90 வாட் என்றால் வெளியே 100 வாட் எப்படிப் போகும்? இதை உங்கள் மச்சான் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும்.

பணத்துக்கு வருவோம். ‘ரிட்டர்ன் 7 நாள்’ என்பது உங்களுக்கு மனம் மாறினால் பொருந்தும். விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. முதலில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வந்துவிடும். இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தயாரிப்பாளர், விற்பவர், விற்பனைத் தளம் மூன்று பேரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். விலை, ஓரளவு மனஉளைச்சல் இழப்பீடு, செலவுத்தொகை என்று கேளுங்கள். 10 லட்சம் கேட்பதில் லாபமில்லை. அப்படிக் கேட்பவரை ஆணையம் ஒருமாதிரி பார்க்கும்.

கழற்றியது தப்புதான், மறைக்காதீர்கள். ஆனால் அதனால் வழக்கு போய்விடாது, வாரண்டி வேறு, பொய் விளம்பரம் வேறு. இன்னும் நான்கு சின்ன ஸ்பீக்கர்கள் சீல் உடையாமல் இருக்கின்றன அல்லவா? மச்சானிடம் சொல்லி ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி ஆணையமே ஒரு மாதிரியை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும். அங்கே திறக்கும்போதும் அதே பிளாஸ்டிக் மூடி வந்தால், ‘இவரே கழற்றி மாற்றிவிட்டார்’ என்ற பேச்சுக்கு இடமே இருக்காது.

நடிகர் மீதும் கோபம் இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நினைத்தால் அவர் ஓராண்டு எந்த விளம்பரத்திலும் நடிக்கத் தடை போடலாம், 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. அங்கே ஒரு புகார் எழுதிப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் 24,990 அங்கிருந்து வராது.

நோட்டீஸுக்குப் பதிலை ஒரு பக்கத்தில் முடியுங்கள்: சொன்ன எண்கள் உண்மை, ஆதாரம் உள்ளது, இரண்டு சொற்களை என் உரிமைகளுக்குப் பாதகமின்றி நீக்கியிருக்கிறேன், 800 வாட்டுக்கான ஆய்வறிக்கையை 15 நாளில் அனுப்புங்கள். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் போடுங்கள். விளம்பரப் பக்கத்தையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நோட்டீஸ் அனுப்பியவர்கள் அந்த எண்ணை மாற்ற அதிக நாள் ஆகாது. அந்தப் பிரதிகளோடு, மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்கத் தேவைப்படும், புதிய சாட்சிய சட்டத்தின் (பாரதிய சாட்சிய அதினியம்) 63-வது பிரிவுச் சான்றிதழும் சேர வேண்டும்.

அட்டைப்பெட்டி என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. 800 என்று அச்சடித்திருப்பது அதில்தான். வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடும் முன் அதைப் பரணில் ஏற்றுங்கள்.