சாப்பாட்டுக்கென்றே ஒரு வார இறுதி: சுமைகூலியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுங்கள்

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவுக்குள் திரும்புகிற மாதிரி, நன்றாகச் சாப்பிடுவதற்கென்றே ஒரு பயணம் போக ஆசை. ஆளுக்குச் சமமாகப் பணம் போட்டிருக்கிறோம். ஒருவருக்கு மட்டும் சம்பளம் குறைவு. மூன்று யோசனைகள் இருக்கின்றன. விமானத்தில் போகிற, சாப்பாட்டுக்குப் பேர்போன வெளிநாட்டு நகரம். ரயிலில் மூன்று மணி நேரத்தில் ஒரு துறைமுக ஊர். காரில் இரண்டு மணி நேரத்தில் ஒரு கிராமம். அங்கே இருப்பது ஒரே உணவகம், ஆனால் எங்கே பார்த்தாலும் அதைப் பற்றித்தான் பேச்சு. எங்கே போகலாம்? பணம் பற்றாவிட்டால் கிரெடிட் கார்டில் செலவழித்துத் தவணையாக மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். ஞாயிறன்றே செரித்துவிடுகிற சாப்பாட்டுக்கு ஆறு மாதம் வட்டி கட்டுவானேன்? வட்டியில்லாத் தவணை என்று காட்டினாலும் அதோடு ஒரு கட்டணம் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. பற்றாவிட்டால் ஒரு ராத்திரியைக் குறையுங்கள். சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். இழப்பது வெள்ளி இரவுச் சாப்பாடு ஒன்றுதான்.

இனி ஊர் விஷயம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, சாப்பாட்டுப் பயணங்களில் பணம் கரைவது பெரும்பாலும் அப்படித்தான். உங்கள் மொத்தப் பணத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகிற எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் டிக்கெட், அறை விலையைப் போட்டு நீங்களே மறுபடி கணக்குப் பாருங்கள்.

வெளிநாட்டு நகரத்துக்கு விமானம், விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகிற வண்டி, அறை எல்லாமாக 70 போய்விடுகிறது என்று கொள்வோம். சாப்பாட்டுக்கு மிஞ்சுவது 30. வெள்ளி இரவுச் சாப்பாடு வழியிலேயே போயிற்று, ஞாயிறு மதியம் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்பீர்கள். உருப்படியாக மிஞ்சுவது நாலு வேளை. வேளைக்கு 7.5. துறைமுக ஊருக்கு ரயிலும் அறையும் 45 என்றால் சாப்பாட்டுக்கு 55. வெள்ளி இரவு கொஞ்சம் தாமதமாகவாவது உட்கார்ந்துவிடலாம், ஞாயிறு மதியமும் கிடைக்கும். ஆறு வேளை, வேளைக்கு 9-க்கு மேல். பேர்போன நகரத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சாப்பிடுவதைவிட, பேர் கொஞ்சம் குறைந்த ஊரில் கணக்குப் பார்க்காமல் சாப்பிடலாம். இந்தக் கணக்கில் பணத்தைவிடத் தட்டுப்பாடானது வயிறு. ஒரு வார இறுதியில் ஆறு வேளைக்கு மேல் யாராலும் ரசித்துச் சாப்பிட முடியாது. விலையுயர்ந்த ஊரில் அதில் இரண்டை விமான நிலைய ரொட்டியோடு கழித்தால் அது நஷ்டக் கணக்கு.

கிராமத்து உணவகம் வேறு ரகம். உணவகங்களுக்கு நட்சத்திரம் தருகிற மிஷலின் வழிகாட்டியை 1900-ல் தொடங்கியது ஒரு டயர் நிறுவனம். மக்கள் அதிகம் காரோட்டினால் அதிகம் டயர் தேயும் அல்லவா? அதன் நட்சத்திரங்களுக்குச் சொல்லப்பட்ட பொருளும் பயணக் கணக்குத்தான். ஒன்று என்றால் வழியில் நிறுத்தலாம், இரண்டு என்றால் சுற்றிப் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே கிளம்பலாம். உங்கள் உணவகத்துக்கு நட்சத்திரம் இருக்கிறதோ இல்லையோ, இதே கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே கிளம்புவீர்களா, இல்லை அந்தப் பக்கம் போனால் நுழைவீர்களா? கிளம்புவோம் என்றால் சரி, ஆனால் அது வார இறுதிப் பயணமாக வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம்தான், ஒரு சனிக்கிழமை மதியம் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள். அறை வாடகை மொத்தமும் மிச்சம். பல நல்ல உணவகங்களில் அதே சமையல்காரர் கைச் சமையல் மதியத்தில் இரவைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஆக, இந்த வார இறுதிக்கு என் ஓட்டு துறைமுக ஊருக்கு. வெளிநாட்டு நகரத்தை நாலைந்து நாள் லீவு கிடைக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். அறை வாடகை கூடும், ஆனால் விமானச் செலவு அதேதான், அது பத்து வேளைக்கு மேல் பங்கு பிரியும். அப்போது கார்டு தேய்க்கிற கருவி, எந்த நாட்டுப் பணத்தில் பில் போடலாம் என்று கேட்டால் அந்த ஊர்ப் பணத்தையே அழுத்துங்கள். உங்கள் ஊர்ப் பணம் என்று அழுத்தினால் மாற்று விகிதம் அவர்கள் போடுவது. கமிஷன் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

அறை எடுக்கும்போது காலைச் சாப்பாடு சேர்ந்த விலையைத் தொடாதீர்கள். ஓட்டல் பஃபேயில் வயிற்றை நிரப்பிவிட்டுச் சந்தைக்குப் போய் வேடிக்கை பார்ப்பதில் என்ன லாபம்? ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிற அறையும் வேண்டாம், மிச்சம் பிடித்ததை டாக்சி தின்றுவிடும்.

சம்பளம் குறைந்த நண்பர் இருக்கிறாரே, பட்ஜெட்டை அவர் பையைப் பார்த்துப் போடுங்கள். அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு பொதுப்பை வைத்து மூவரும் உண்பதை மட்டும் அதில் எழுதுங்கள். மதுவோ, ஒருவருக்கு மட்டும் ஆசையான விலையுயர்ந்த தட்டோ அவரவர் கணக்கு. இதைக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள், பில் வந்த பிறகு பேசினால் முகம் சுளிப்புதான்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. நீங்கள் மனதில் வைத்திருக்கிற இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, ஞாயிறு திறந்திருக்குமா, மூன்று பேருக்கு இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஞாயிறு மாலையே கதவடைக்கிற ஊர்கள் உண்டு. முன்பணம் கேட்டால், எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மேசை உறுதியான பிறகு ரயில் டிக்கெட் எடுத்தால் போதும்.