தன்னையே கொடுத்துவிடும் மரத்தின் கதையைக் குழந்தைக்கு வாசித்துக் காட்டலாமா?

கேள்வி கேட்டவர் தன் ஆறு வயது மகளுக்காக ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதி வரைந்த ‘தி கிவிங் ட்ரீ’ புத்தகத்தை வாங்கி வைத்திருக்கிறார். அன்பைப் பற்றிய கதை என்று சிலரும், ஒருவர் இன்னொருவரைச் சுரண்டும் கதை என்று சிலரும் சொல்வதால் குழம்பிப் போயிருக்கிறார்.

வாசித்துக் காட்டுங்கள். தயங்கவே வேண்டாம். ஆனால் வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போகாதீர்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1964ல் வந்த புத்தகம். உள்ளே வண்ணமே கிடையாது, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள் மட்டும்தான். ஓர் ஆப்பிள் மரத்துக்கு ஒரு சின்னப் பையன் மேல் அவ்வளவு பிரியம். அவன் இலைகளைப் பொறுக்கிக் கிரீடம் செய்கிறான், கிளையில் ஊஞ்சல் ஆடுகிறான், நிழலில் தூங்குகிறான். வளர்ந்த பிறகு எப்போதாவதுதான் வருகிறான். வரும்போதெல்லாம் ஏதாவது வேண்டும் என்கிறான். பணத்துக்குப் பழம், வீட்டுக்குக் கிளை, படகுக்கு அடிமரம் என்று மரம் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறது. கடைசியில் அவன் தள்ளாத கிழவனாக வந்து நிற்கும்போது மிச்சம் இருப்பது வெட்டிய அடிக்கட்டை. அதில் உட்கார்ந்துகொள் என்கிறது மரம். கொடுக்கும்போதெல்லாம் மரத்துக்கு மகிழ்ச்சி என்று வரும். படகுக்காக அடிமரத்தையே வெட்டிக்கொண்டு போன இடத்தில் மட்டும் ‘உண்மையில் அப்படி இல்லை’ என்கிற மாதிரி ஒரு வரி கூடவே வரும். அந்த வரியை நினைவில் வையுங்கள்.

நான் கடலூரில் இருக்கிறேன். சனிக்கிழமை மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கதை கேட்க வீட்டுக்கு வருவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பலா மணை உண்டு. அதில் யார் உட்காருவது என்று ஒவ்வொரு வாரமும் சண்டை. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவின் கொல்லையில் நின்ற மரத்தில் அறுத்தது அது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிச் சுற்றுவட்டாரத்தில் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தாத்தாவின் மரமும் வேரோடு விழுந்தது. மரம் வாங்க ஆள் வந்தபோது, ஒரு துண்டை மட்டும் விற்க விடாமல் அம்மா எடுத்து வைத்துக்கொண்டார். அதுதான் இந்த மணை. பல வருஷம் ஆகியும் அந்த மஞ்சள் நிறம் முழுதாகப் போகவில்லை. தேய்ந்த ஓரத்தில் மட்டும் பழுப்பு ஏறியிருக்கிறது.

அன்றைக்கு மணையைப் பிடித்தது இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கடைசிப் பக்கம் வந்ததும் எல்லோரும் ‘பாவம் மரம்’ என்றார்கள். அவள் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அத்தை, அந்தப் பையன் மரத்துக்கு ஒரு குடம் தண்ணியாவது ஊத்தினானா?”

புத்தகத்தைத் திரும்ப முதலிலிருந்து புரட்டினோம். ஒரு பக்கத்தில்கூட ஊற்றவில்லை. அத்தனை பழத்தையும் பறித்துக்கொண்டு போனவன் ஒரு விதையைக்கூட ஊன்றவில்லை. எத்தனையோ முறை படித்திருக்கிறேன், மரத்தைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேனே தவிர பையனைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

தாத்தாவும் அந்தப் பலா மரத்திடம் வாங்கிக்கொண்டேதான் இருந்தார். சுளை எங்களுக்கு, கொட்டை குழம்புக்கு, தழை ஆட்டுக்கு. ஆனால் மரம் கன்றாக இருந்தபோது இரண்டு கோடை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர் அவர். அப்புறம் வருஷா வருஷம் அடியில் ஆட்டுப்புழுக்கை கொட்டுவார். ஒரே இடத்தில் நெருக்கமாகப் பிஞ்சு விட்டால் சிலதைக் கழித்துவிடுவார். எல்லாவற்றையும் பழுக்க விட்டால் மரம் களைத்துப்போகும் என்பார். கழித்த பிஞ்சு அன்றைக்குக் கூட்டு. பழம் அறுத்தால் நல்ல கொட்டையாக இரண்டைப் பார்த்து அன்றைக்கே மண்ணில் ஊன்றிவிடுவார். காயவிட்டால் பலாக்கொட்டை முளைக்காது.

நற்றிணையில் ஒரு வரி இருக்கிறது: ‘மரம் சா மருந்தும் கொள்ளார் மாந்தர்.’ 226ஆவது பாட்டு. ‘யாதும் ஊரே’ பாடிய கணியன் பூங்குன்றனார் பாடியதாகச் சொல்வார்கள். மருந்தே ஆனாலும் மரம் சாகிற அளவுக்கு எடுக்க மாட்டார்கள் என்பது பொருள். பொருள் தேடிப் பிரிந்துபோனவனை நினைத்து ஒரு பெண் சொல்கிற பாட்டு அது. இந்தப் புத்தகத்துப் பையனும் பணம், வீடு, படகு என்று பிரிந்து போனவன்தானே.

இன்னொன்றும் கவனித்தேன். ஆங்கிலத்தில் மரத்தை ‘அவள்’ என்றே எழுதியிருக்கிறார். அதனால்தான் பலரும் அதை அம்மாவாகப் படிக்கிறார்கள், பெண் என்றால் தேய்ந்தே போக வேண்டுமா என்று கோபமும் படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. தமிழில் சொல்லும்போது மரம் ‘அது’ ஆகிவிடுகிறது. அம்மா கொஞ்சம் விலகி நிற்க, மரம் மரமாகவே தெரிகிறது. மரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது அதனால்கூட இருக்கலாம். உங்கள் மகளுக்கும் ஒருமுறை தமிழில் சொல்லிப் பாருங்கள்.

கொடுப்பது தப்பு என்று மட்டும் அவளுக்குச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தில் வடலூர் இருக்கிறது. 1867ல் வள்ளலார் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவரை யார், எவர் என்று கேட்பதில்லை. அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ஒரு பக்கம் இலை போட்டுக்கொண்டே இருப்பார்கள், இன்னொரு பக்கம் யாராவது அரிசி மூட்டையும் காய்கறியும் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்த இறக்குகிற கைகள் இல்லாமல் இத்தனை வருஷம் அடுப்பு எரிந்திருக்காது. கதையில் அந்த மரத்துக்கு வாய்க்காதது அப்படி ஒரு கைதான்.

அதனால் வாசிக்கும்போது படகுப் பக்கம் வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். ‘உண்மையில் அப்படி இல்லை’ என்கிற அந்த வரியை மெதுவாகச் சொல்லுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். மரத்துக்கு ஏன் மகிழ்ச்சி இல்லை என்று அவளே கேட்டால், அவளையே சொல்லச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருப் பையன் ஒருவன் அழுதான். மறுவாரம் அவன்தான் முதலில் வந்து, அதே கதையைத் திரும்பச் சொல்லுங்கள் என்று மணையில் உட்கார்ந்துகொண்டான்.