நகைச்சுவை மிகுபுனைவில் பழைய கதை மரபுகள் ஏன் திசைமாறுகின்றன?

கதை மரபு என்பது வாசகர் முன்கூட்டியே எதிர்பார்க்கும் போக்கு. பகைக் கூட்டங்களைச் சேர்ந்த இருவர் காதலித்தால் முடிவு துயரம்; அரக்கன் வந்தால் அழிவு. நகைச்சுவை மிகுபுனைவு, அதாவது மந்திரமும் கற்பனை உலகமும் கொண்ட சிரிப்புக் கதை, இந்த எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டுப் பிறகு திசையை மாற்றுகிறது.

டெர்ரி பிராட்செட்டின் 'அன்சீன் அகாடெமிகல்ஸ்' (2009) நல்ல எடுத்துக்காட்டு. ஒரு பழைய அறக்கொடையின் நிபந்தனைப்படி, மந்திரவாதிகளின் பல்கலைக்கழகம் கால்பந்து ஆடியாக வேண்டும். இல்லையெனில் சாப்பாட்டுக்கு வரும் பணம் நின்று, அவர்களின் வயிற்றுக்குத்தான் ஆபத்து! ஆனால் ஆட்டத்தில் மந்திரம் கூடாது. ட்ரெவ் என்ற இளைஞன் காதலிக்கும், எதிரணி ரசிகர் குடும்பத்துப் பெண்ணின் பெயர் ஜூலியட். அவளோ ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டைப் போலச் சாகவில்லை, ஆடை அலங்கார மேடை ஏறுகிறாள். கொடிய இனத்தில் பிறந்த நட், அணியிலேயே படித்த, பண்பான ஆள். எனக்குப் பிடித்தது கிளெண்டா: மற்ற கதைகளில் நாயகிக்குத் தோழியாக நின்றுவிடும் சமையல்காரி, இங்கே கதையையே நடத்துகிறாள்.

இது ஏன் சிரிப்பூட்டுகிறது? இருட்டில் இன்னொரு படி இருக்கும் என்று கால் வைக்கிறோம், தரை வந்துவிடுகிறது. அந்தத் தடுமாற்றம்தான் நகைச்சுவை. படிக்கட்டு பழகியிருந்தால்தான் தடுமாற முடியும். அதனால்தான் எழுத்தாளர் மிகப் பழகிய மரபுகளையே தேடி எடுக்கிறார்.

இவ்வகை நாவல் எல்லா மரபையும் உடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஆடவே மாட்டேன் என்று தாய்க்கு வாக்களித்திருந்த ட்ரெவ், பழைய விளையாட்டுக் கதைகளின் நாயகனைப் போலவே இறுதி ஆட்டத்தில் களம் இறங்கத்தான் செய்கிறான்.