புராஸ்டேட் பயாப்ஸியில் புற்றுநோய் போலத் தெரிவதெல்லாம் புற்றுநோய்தானா?

அப்பாவின் ரிப்போர்ட்டில் 'சந்தேகத்துக்குரிய சிறு சுரப்பிகள்' என்று வந்திருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். அது புற்றுநோய் என்ற முடிவு அல்ல, பதறாதீர்கள்.

சாதாரணச் சுரப்பியைச் சுற்றி அடித்தளச் செல்கள் ஒரு வரிசை இருக்கும். புற்றுநோயில் அது இருக்காது. சிக்கல் என்னவென்றால், புற்றுநோய் அல்லாத அடினோசிஸிலும் (சிறு சுரப்பிகள் நெருக்கமாகக் கூடுவது) பகுதிச் சுருக்கத்திலும் (சுரப்பிச் செல்கள் ஓரளவு சுருங்குவது) இந்த வரிசை விட்டுவிட்டுத்தான் தெரியும். சில சுரப்பிகளில் மொத்தமாகவே காணாது. அடித்தளச் செல்லை அடையாளம் காட்டும் பி63 சாயம் போட்டால் அதன் கரு பழுப்பாகத் தெரியும். ஒத்த சுரப்பிக் கூட்டத்தில் ஒன்றிரண்டில் அந்தப் பழுப்பு இருந்தாலே புற்றுநோய் என்று சொல்லத் தயங்க வேண்டும். ஏஎம்ஏசிஆர் (புற்றுநோய்ச் சுரப்பியில் பெரும்பாலும் பிடிக்கும் இன்னொரு சாயம்) பாசிட்டிவ் என்பதை மட்டும் நம்பக் கூடாது, பகுதிச் சுருக்கத்திலும் அது பாசிட்டிவாக வரும்.

புராஸ்டேட்டை ஒட்டியிருக்கும் விந்துப்பை பயாப்ஸி ஊசியில் சிக்கினால் கருக்கள் பூதாகரமாக இருக்கும், பார்த்தவுடன் பயமுறுத்தும். செல்லுக்குள் பொன்பழுப்புத் துகள்கள் தெரிந்தால் பெரும்பாலும் அது விந்துப்பைதான், புற்றுநோய் அல்ல.

லேபில் ஸ்லைடோடு பாரஃபின் பிளாக்கையும் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) கேட்டு வாங்கி, சென்னையிலேயே சிறுநீர்ப் பாதை நோயியலில் பழகியவரிடம் காட்டுங்கள். பிளாக் இல்லாமல் புதிதாகச் சாயம் போடுவது கஷ்டம். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் பிளாக்கை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.